சீரியலில் வீடு இருக்கிறது, தெரு எங்கே?

செல்லூர் தறிக்காரன்:

ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருக்கும் விஷயம். சாயங்காலம் விளக்கு வைத்ததிலிருந்து பத்து மணி வரை எங்கள் காம்பவுண்டில் எந்த வாசலில் நின்றாலும் சீரியல் வசனம்தான் காதில் விழும். வரிசையாக வீடுகள், எல்லாருக்கும் ஒரே குழாய், பொதுக் கக்கூஸ், குறுக்கே துணி காயும் கொடி. செல்லூரிலும் ஆரப்பாளையத்திலும் ஜெய்ஹிந்துபுரத்திலும் பாதி ஜனம் இப்படித்தான் குடியிருக்கிறது. ஆனால் காம்பவுண்டே உட்கார்ந்து பார்க்கிற அந்தக் கதைக்குள் ஒரு காம்பவுண்டைக் காணோம்.

ஏழைகளைக் காட்டுவதில்லை என்று சொல்ல வரவில்லை. கதாநாயகிகளில் முக்கால்வாசிப் பேர் ஏழை வீட்டுப் பெண்கள்தான். அந்த ஏழை வீடு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். தனி வீடு, முன்னால் துளசி மாடம், புதுசாக அடித்த நீலச் சுவர். அப்பா போட்டோவில் மாலையோடு இருப்பார். உயிரோடு இருந்தால் குடிப்பார். அம்மாவுக்கு இருமல், தம்பிக்குக் காலேஜ் ஃபீஸ். பக்கத்து வீடு என்று ஒன்று கிடையாது. தப்பித்தவறி பக்கத்து வீட்டுக்காரி வந்தால் வம்பு மூட்டிவிட்டுப் போவதற்கு வருவாள், அடுத்த வாரம் காணாமல் போவாள்.

எங்கள் பக்கம் ஒருத்தருக்கு நெஞ்சு வலி என்றால் சொந்தக்காரனுக்குத் தகவல் போவதற்கு முன்னால் பக்கத்து வீட்டு ஆள் ஆட்டோ பிடித்திருப்பான். பெரியாஸ்பத்திரியில் ராத்திரி துணைக்குப் படுப்பது ஒருத்தர், பிள்ளைகளுக்குச் சோறு போடுவது இன்னொருத்தர், முதலாளியிடம் போய் அட்வான்ஸ் கேட்பது மூன்றாவது ஆள். அதே மூன்று பேரும் முந்தின வாரம் குழாயடியில் குடத்தால் அடித்துக்கொண்டவர்களாகவும் இருப்பார்கள். சீரியல் ஏழை எல்லாவற்றையும் தனியாகத் தாங்குகிறாள், அல்லது நல்ல பணக்காரன் ஒருத்தன் வந்து தூக்கிவிடுகிறான். நடுவில் தெரு என்ற ஒன்று இருப்பதே தெரியவில்லை.

வேலையும் அப்படித்தான். டிபன் பாக்ஸோடு கிளம்பிப் போகிற இடம் என்பதற்கு மேல் எதுவும் கிடையாது. தறிச் சத்தம் இல்லை, கூலிக் கணக்கு இல்லை, சனிக்கிழமைச் சம்பளம் இல்லை. ஏன் இப்படி?

சிம்மக்கல் சீனி:

அண்ணே, எங்க அம்மா நாள் முழுக்க அப்பளம் தேய்க்கிறாங்க. ராத்திரி டிவியிலும் அப்பளம் தேய்க்கிற பொம்பளையைப் பார்க்கணுமா? பட்டுச்சேலை, நகை, பெரிய வீட்டு மாடிப்படி. அதுக்குத்தான் உட்கார்றாங்க. குழாயடிச் சண்டையை வாசல்ல ஓசியிலேயே பார்க்கலாம்.

முனிச்சாலை மதினி:

சீனி தம்பி சொல்வது பாதி உண்மை. மீதியை நான் சொல்கிறேன்.

எனக்குப் பூக்கட்டு. மாட்டுத்தாவணி மார்க்கெட்டிலிருந்து உதிரிப்பூ வரும், கட்டிக் கொடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. பொங்கல் சமயத்தில் மல்லி கிலோ 2000, 3000 என்று ஏறுவதைச் செய்தியில் காட்டுவார்கள். எங்கள் கட்டுக்கூலி அதோடு சேர்ந்து ஏறாது. மல்லிகை சாயங்காலம் விரிய ஆரம்பித்துவிடும், அதற்குள் சரமாக்கியாக வேண்டும். அதனால் நான் பார்ப்பது மத்தியான சீரியலும், முந்தின நாள் ராத்திரி போட்டதைத் திரும்பப் போடுவதும்தான்.

பார்ப்பது என்றால் முழுசாகப் பார்க்க முடியாது. இந்தப் பக்கம் ரெண்டு பூ, அந்தப் பக்கம் ரெண்டு பூ, ஒரு சுருக்கு. கை தானாக ஓடும் என்றாலும் மொட்டு ஒடியாமல் இருக்கக் கண் அடிக்கடி கீழே போகும். காதால் கேட்பதுதான் அதிகம். ஒரே விஷயத்தை நாலு தரம் சொல்கிறார்கள், இடி விழுகிற மாதிரி மியூசிக் போடுகிறார்கள் என்று படித்த பிள்ளைகள் கேலி செய்கிறீர்கள். அந்த மியூசிக் கேட்டால்தான் நான் நிமிர்ந்தே பார்ப்பேன். ஒரு தரம் மட்டும் சொன்னால், ஏஜென்ட் வந்து எடை போடுகிற நேரத்தில் எனக்குக் கதை விட்டுப்போகும்.

அப்புறம் ஒன்று. நாங்கள் ஐந்தாறு பேர் ஒரே திண்ணையில் உட்கார்ந்து கட்டுகிறோம். சீரியலில் மாமியார் ஒரு வார்த்தை சொன்னால், இங்கே ஒருத்தி தன் மாமியார் சொன்னதைச் சொல்வாள். நேரடியாகச் சொல்ல முடியாததை எல்லாம் அந்தக் கதையின் பெயரில் சொல்லிக்கொள்வோம். தெரு திரைக்குள்ளே இல்லை என்கிறீர்கள், சரி. திரைக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறதே.

பைபாஸ் ரோடு:

மதினி சொன்னதுதான் இந்தச் சரக்கின் பிறப்பு ரகசியம். 1930களில் அமெரிக்க ரேடியோவில் பகல் நேரத்தில் வீட்டு வேலை செய்யும் பெண்களுக்காகத் தொடர் நாடகங்கள் போட்டார்கள். காசு கொடுத்தது பிராக்டர் அண்ட் கேம்பிள் மாதிரியான சோப்புக் கம்பெனிகள். அதனால்தான் சோப் ஓபரா என்று பெயர் வந்தது. கை வேலையில் இருக்கும், காது மட்டும் சும்மா இருக்கும் என்பது அப்போதே கணக்கு.

வளசரவாக்கம் எடுபிடி:

ஊர் உசிலம்பட்டி. சென்னையில் சீரியல் யூனிட்டில் இருக்கிறேன், எந்த சீரியல் என்று கேட்காதீர்கள். தறிக்காரன் அண்ணன் கேட்டதற்குப் பதில் ரொம்ப எளிது. தெரு இல்லாததற்குக் காரணம், தெருவில் எடுக்க முடியாது.

ஒரு நாளைக்கு ஒரு எபிசோடு கைக்கு வந்தாக வேண்டும். விளம்பரம் போக இருபது, இருபத்திரண்டு நிமிடம். அதற்கு வாடகைக்கு ஒரு பங்களா எடுத்துவிட்டால் ஹாலில் கல்யாண வீடு, மாடியில் ஆஸ்பத்திரி ரூம், பின்பக்க ஷெட்டில் ஏழை வீடு என்று ஒரே வளாகத்தில் ஓட்டிவிடலாம். நீங்கள் சொன்ன நீலச் சுவர் வீடு பல நேரம் பங்களாவின் வாட்ச்மேன் ரூம். பக்கத்து வீட்டைக் காட்டக் கேமராவைத் திருப்பினால் ஜெனரேட்டர் வண்டிதான் தெரியும்.

தெருவுக்குப் போனால் போலீஸ் அனுமதி, வேடிக்கை பார்க்கும் கூட்டம், ஹாரன் சத்தம், பின்னால் நடக்கிற ஜூனியர் ஆர்ட்டிஸ்ட் ஒவ்வொருவருக்கும் சம்பளம், சாப்பாடு. நாளைக்கு அதே காட்சியைத் தொடர வேண்டுமென்றால் நேற்று நின்ற ஸ்கூட்டர் இன்று இருக்காது. குழாயடிக் காட்சிக்குப் பன்னிரண்டு பேர் வேண்டும். டைனிங் டேபிளில் நாலு பேரை உட்கார வைத்துப் பேசவிட்டால் அதே நிமிடம் நிரம்பிவிடும்.

எழுதுகிறவர்களுக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். மதுரை, தேனி, ராமநாதபுரத்து ஆட்கள் நிறையப் பேர் வசனம் எழுதுகிறார்கள். காம்பவுண்டு வாழ்க்கையை எழுதிக் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். லொகேஷன் இல்லை என்று சொல்லி அதை போனில் பேசுகிற காட்சியாக மாற்றிவிடுவார்கள். 2020 ஊரடங்கில் ஷூட்டிங்கைத் திரும்ப ஆரம்பித்தபோது முதலில் 20 பேர், அப்புறம் 60 பேர் என்று வரம்பு வைத்தார்கள். கதைக்குள்ளே கூட்டம் குறைந்ததை யாராவது கவனித்தீர்களா? அதற்கு முன்னாலும் கூட்டம் இல்லை என்பதால் வித்தியாசமே தெரியவில்லை.

சிம்மக்கல் சீனி:

வாட்ச்மேன் ரூமா! இனிமே எப்படிண்ணே அழுகை வரும்?

கீழமாசி லோடு:

நாதஸ்வரம் சீரியலைக் காரைக்குடியிலேயே வைத்து எடுத்தார்களே. 2014இல் ஆயிரமாவது எபிசோடை நேரலையாகவே போட்டார்கள். மனசு இருந்தால் வெளியே வரலாம்.

வளசரவாக்கம் எடுபிடி:

வரலாம் அண்ணே. நாதஸ்வரத்தை இயக்கிய திருமுருகன் சார் மெட்டி ஒலியில் பெயர் வாங்கிய பிறகு வந்தார். எல்லாருக்கும் அந்தத் தைரியத்தை சேனல் கொடுக்காது.

மாசி வீதியிலிருந்து மான்செஸ்டர்:

வேலைக்காக இங்கே வந்து சில வருடம் ஆகிறது. எடுபிடி தம்பி சொன்னதைப் படித்ததும் இங்குள்ள கதையைச் சொல்லத் தோன்றியது.

கொரோனேஷன் ஸ்ட்ரீட் என்று ஒரு தொடர். 1960 டிசம்பர் 9ஆம் தேதி ஆரம்பித்தது, இன்னும் ஓடுகிறது. உருவாக்கியவர் டோனி வாரன், அப்போது இருபத்து சொச்சம் வயசு. கதை நடப்பது சால்ஃபோர்டு பகுதியை வைத்துக் கற்பனை செய்த வெதர்ஃபீல்டில், ஒட்டி ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகள் உள்ள ஒரே ஒரு தெருவில். ஒரு முனையில் ரோவர்ஸ் ரிட்டர்ன் என்ற மதுக்கடை, இன்னொரு முனையில் மளிகைக்கடை. குடும்பங்கள் வரும், போகும், சாகும். தெரு நிரந்தரம்.

அதற்காக அவர்கள் செய்தது இதுதான்: தெருவையே கட்டிவிட்டார்கள். ஸ்டுடியோ வளாகத்தில் வீடுகளின் முகப்பு, கடை, கல் பாவிய ரோடு எல்லாம் நிரந்தர செட். பிபிசி 1985 பிப்ரவரியில் ஈஸ்ட்எண்டர்ஸ் ஆரம்பித்தபோதும் லண்டனின் கிழக்குப் பகுதி மாதிரி ஒரு சதுக்கத்தை எல்ஸ்ட்ரீயில் கட்டினார்கள். சந்தைக் கடைகள், மதுக்கடை, துணி துவைக்கும் கடை. அந்தத் துவைக்கும் கடையில் வேலை பார்க்கும் டாட் காட்டன் என்ற பாத்திரம் ஜூன் பிரவுன் நடித்துப் பல வருடம் ஓடியது. யார் வீட்டு ரகசியமும் அழுக்குத் துணியோடு அங்கே வந்துதானே ஆக வேண்டும். 1986 கிறிஸ்துமஸ் எபிசோடை மூன்று கோடிப் பேர் பார்த்தார்கள்.

அது சொர்க்கம் என்று சொல்லவில்லை. இங்கேயும் திட்டுகிறார்கள். ஆலைகள் மூடிப்போன ஊரில் பழைய தெருவைப் பொம்மை மாதிரி வைத்துக்கொண்டு உருகுகிறார்கள் என்பது ஒரு குறை. வெள்ளைக்காரர் அல்லாத குடும்பங்கள் நிஜத் தெருவுக்கு வந்து எவ்வளவோ காலம் கழித்துத்தான் திரைத் தெருவில் நிலைத்தன என்பது இன்னொன்று. எல்லாரும் எந்நேரமும் மதுக்கடையில் நிற்கிறார்கள், வேலைக்குப் போவது எப்போது என்ற கேள்வியும் உண்டு. ஆனாலும் ஆள் இல்லாத வீட்டின் கதவைத் தட்டப் பக்கத்து வீட்டுக்காரர் அங்கே கட்டாயம் இருக்கிறார்.

செல்லூர் தறிக்காரன்:

ஆக அவன் தெருவைக் கட்டினான், நம்ம ஆள் பங்களாவை வாடகைக்கு எடுத்தான். ஒரு கேள்வி: அந்தத் தெருவைக் கட்ட ஆன செலவு இத்தனை வருடத்தில் எவ்வளவு தரம் திரும்பி வந்திருக்கும்? இங்கே ஒவ்வொரு சீரியலும் பங்களா வாடகை கொடுத்துக்கொண்டே இருக்கிறதே. ஏதோ ஒரு சேனல் ஒரு காம்பவுண்டு செட்டைப் போட்டால் பத்து வருடம் ஓட்டலாம்.

ஹார்விபட்டி 62:

இளவட்டங்களுக்குத் தெரியாத ஒரு காலம் உண்டு. ஹார்வி மில் தொழிலாளிகளுக்காகக் கட்டிய ஊர் எங்களுடையது. பக்கத்து வீட்டுக்காரர் அதே மில், எதிர்வீடு அதே மில். மில் சங்கு ஊதினால் ஊரே கிளம்பும்.

அப்போது தூர்தர்ஷன் ஒன்றுதான். 1984 ஜூலையில் ஹம் லோக் என்ற தொடர் வந்தது, 154 எபிசோடு, அடுத்த வருடம் டிசம்பரில் முடித்துவிட்டார்கள். மனோகர் ஷ்யாம் ஜோஷி எழுதியது. கீழ் நடுத்தரக் குடும்பம், குடிக்கிற அப்பா, கடைசியில் அசோக் குமார் வந்து பேசுவார். மெக்சிகோவில் சமூகக் கருத்துக்காக எடுத்த தொடர்களைப் பார்த்துச் செய்தது. எங்களுக்கு ஹிந்தி புரியாது, யாராவது ஒருத்தர் புரிந்த மாதிரி கதை சொல்வார்.

ஆனால் தறிக்காரன் தம்பி கேட்கிற மாதிரி வந்தது அதற்கப்புறம், 1986இல். நுக்கட். குந்தன் ஷாவும் சயீத் மிர்சாவும் இயக்கியது. பம்பாயில் ஒரு தெருமுனை. எலக்ட்ரிக் கடைக்காரன், சைக்கிள் கடைக்காரன், டீக்கடை பாய், சமீர் கக்கர் நடித்த குடிகாரன். கதையின் நாயகர் யார் என்றால் அந்த முக்குதான். மாமியார் கிடையாது, சொத்துத் தகராறு கிடையாது. இன்றைக்கு எவனுக்கு வேலை கிடைத்தது, எவன் கடனை எவன் அடைத்தான் என்பதுதான் கதை. மில்லில் மறுநாள் அதைத்தான் பேசுவோம். விளம்பரக்காரன் பிடி இறுகுவதற்கு முன்னால் அரசாங்க டிவியால் இதைச் செய்ய முடிந்தது.

பைபாஸ் ரோடு:

ஐயா சொன்ன "விளம்பரக்காரன் பிடி" பற்றிக் கொஞ்சம். நான் அந்தத் தொழிலில் இருந்தவன்.

டிஆர்பி எடுக்கும்போது வீடுகளைப் பிரிக்க ஒரு முறை வைத்திருக்கிறார்கள். வீட்டில் அதிகம் சம்பாதிக்கிறவர் எவ்வளவு படித்திருக்கிறார், 11 சாமான் கொண்ட பட்டியலில் வீட்டில் எத்தனை இருக்கின்றன. ஃபிரிட்ஜ், வாஷிங் மிஷின், கார் இப்படி. அதை வைத்து ஏ முதல் இ வரை தரம் போடுவார்கள். உங்கள் காம்பவுண்டு அநேகமாகக் கீழ்ப் படிகளில் வரும். பார்க்கிற கூட்டம் அங்கே பெரிசு, காசு கொடுக்கிற கம்பெனிக்குக் கண் மேலே. ஆகவே கீழே இருப்பவர் அண்ணாந்து பார்க்கிற மாதிரியும், மேலே இருப்பவர் முகம் சுளிக்காத மாதிரியும் ஒரு வீடு வேண்டும். பங்களாவுக்குள் மருமகளாக வந்த ஏழைப் பெண் அந்த இரண்டுக்கும் பொருந்துகிறாள்.

இன்னொரு வேடிக்கை. இந்த ஊரில் ஏழை வீட்டுக்கு டிவி வந்ததே 2006க்குப் பிறகு கலைஞர் ஆட்சி கொடுத்த இலவச கலர் டிவியால். ஒன்றரைக் கோடிக்கு மேல் கொடுத்தார்கள். 2011இல் ஜெயலலிதா அரசு கேபிளை 70 ரூபாய்க்குக் கொண்டுவந்தது. பார்க்கிற ஆளை அரசாங்கம் உண்டாக்கியது, படம் காட்டுகிறவன் மட்டும் தனியார்.

பூக்கடை வாசல்:

சிறகடிக்க ஆசையை ஏன் யாரும் சொல்லவில்லை? மீனா பூக்கட்டுகிற குடும்பம், முத்து கார் ஓட்டுகிறவன். பூக்காரி மகள் என்று மாமியார் விஜயா முகத்தைச் சுளிப்பதெல்லாம் கற்பனையா? படித்துவிட்டு வெட்டியாக இருக்கும் மூத்த மகனுக்கு மரியாதை, சம்பாதித்துப் போடுகிற டிரைவருக்கு வசவு. எங்கள் வீட்டில் அப்படியே நடக்கிறது.

முனிச்சாலை மதினி:

அதை நான் விடாமல் பார்க்கிறேன். மாமியார் அந்தப் பெண்ணை மட்டந்தட்டும்போது எங்கள் திண்ணையே அமைதியாகிவிடும். அந்த வலி நிஜம். ஆனால் பூ வாங்கிய கடன், விற்காமல் வாடிய பூ, திருவிழா முடிந்த மறுநாள் அடிமாட்டு விலை, இதனால் கதை திரும்பிய நாள் ஒன்றும் எனக்கு நினைவில்லை. அவமானத்தை எழுதத் தெரிகிறது. கணக்கை எழுதினால் இன்னும் நன்றாக இருக்கும்.

தேனி மாப்ள:

மதுரைக் கதை என்று போட்டுவிட்டு, பேச்சு எந்த ஊர்ப் பேச்சு? பாதி வசனம் திருநெல்வேலி, மீதி கோயம்புத்தூர். எதிர்நீச்சலில் மாரிமுத்து அண்ணன் பேசினார், அது எங்க ஊர்ப் பேச்சு, தேனிப் பக்கத்துக்காரர். 2023 செப்டம்பரில் டப்பிங்கில் இருக்கும்போதே மனுசன் போய்விட்டார். அந்த ஆதி குணசேகரனை வைத்து ஊரில் எத்தனை பேர் தங்கள் பெரியப்பாவை அடையாளம் கண்டார்கள்! ஆனால் அதுவும் பெரிய வீட்டுக் கதைதான். மதுரை என்பது அந்த வீட்டின் அட்ரஸ்.

மேலூர் பக்கம்:

எல்லாரும் அழகாகப் பேசுகிறீர்கள். தெரு, தெரு என்கிறீர்களே, எந்தத் தெரு?

எங்கள் ஊரில் எந்தத் தெருவில் நீ பிறந்தாய் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மதுரை டவுனுக்குள் வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் வாடகையைச் சொல்வதற்கு முன்னால் "நீங்க எந்தப் பக்கம், குலசாமி எது" என்று கேட்பார்கள். காம்பவுண்டில் எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் ஓடுவார்கள் என்று அண்ணன் எழுதியிருக்கிறார். அந்தக் காம்பவுண்டுக்குள் யாரைச் சேர்த்தார்கள் என்பதையும் எழுத வேண்டும்.

சீரியல் கிராமத்தில் ஆலமரம், பெரிய மீசை நாட்டாமை, கோயிலில் முதல் மரியாதை. நாட்டாமை தங்கமானவர், தீர்ப்பு சொன்னால் எல்லாரும் கும்பிடுவார்கள். இதே மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் பஞ்சாயத்துத் தலைவர் பதவியைத் தலித்துகளுக்கு ஒதுக்கியதால் 1996 முதல் 2006 வரை ஒழுங்காகத் தேர்தல் நடத்தவே முடியவில்லை. பத்து வருடம். எந்த சீரியலின் பஞ்சாயத்துக் காட்சியிலாவது இதன் வாடை அடித்திருக்கிறதா? ஏழை, பணக்காரன் என்று மட்டும் பிரித்துவிட்டால் எல்லாருக்கும் சௌகரியம்.

(இந்தப் பதிவு நீக்கப்பட்டது)

நெறியாளர்:

மேலே ஒரு பதிவை எடுத்துவிட்டேன். கருத்தை மறுக்கலாம், ஆளை ஏசக் கூடாது. மேலூர் பக்கம் எழுதியது இழைக்குச் சம்பந்தமானதுதான், இருக்கும்.

செல்லூர் தறிக்காரன்:

மேலூர் தம்பி, எங்கள் காம்பவுண்டில் வீட்டுக்காரர் ஆள் பார்த்துத்தான் விடுவார், மறுக்கவில்லை. அப்படியானால் அதுவும் கதையில் வரட்டும். புதுசாகக் குடிவந்த குடும்பம், குழாயடியில் யார் குடத்துக்குப் பக்கத்தில் யார் குடம் வைக்கலாம் என்ற முணுமுணுப்பு. அதை எழுத ஒரு வாரம் போதாது, ஒரு வருடம் ஓடும்.

மேலூர் பக்கம்:

எடுத்தால் நானே உட்கார்ந்து பார்க்கிறேன் அண்ணே.

கல்லூரி கேன்டீன்:

ஒரு சின்ன கவனிப்பு: சீரியலில் வருகிற யாரும் சீரியல் பார்ப்பதில்லை. டிவியே ஓடாத தமிழ்நாட்டு வீடு அங்கே மட்டும்தான் இருக்கிறது.

சரி, குறை சொன்னது போதும். நம் தெருவை வைத்து ஒரு தொடர் எடுத்தால் எதில் ஆரம்பிப்பீர்கள்? என் ஓட்டு மொய் நோட்டுக்கு. யார் யாருக்கு எவ்வளவு செய்தார்கள், காதுகுத்தில் யார் குறைத்துச் செய்தார்கள் என்று ஒரு நோட்டை வைத்தே நாலு தலைமுறைக் கதை சொல்லலாம்.

கீழமாசி லோடு:

நான் கூலி பேசுவதில் ஆரம்பிப்பேன். லாரி வந்து நின்றதும் மூட்டைக்கு எவ்வளவு என்று பேசுவோம் பாருங்கள், அதுவே சஸ்பென்ஸ்.

முனிச்சாலை மதினி:

குழு லோன். வேறு எதுவும் வேண்டாம்.

இரண்டு விதம் இருக்கிறது, குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒன்று நாமே சேர்ந்து சேமிக்கிற மகளிர் சுய உதவிக் குழு. அழகர்கோவில் பக்கத்துச் சின்னப்பிள்ளை அம்மா களஞ்சியம் குழுவில் அப்படித்தான் பெரிய ஆளானார்கள். வயல் வேலைக்குப் போனவர்கள், விருது கொடுத்த மேடையில் வாஜ்பாயே அவர்கள் காலைத் தொட்டுக் கும்பிட்டார், 2019இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவர்கள் வாழ்க்கையை ஒரு சேனலாவது தொடராக எடுத்திருக்க வேண்டாமா?

இன்னொன்று ஃபைனான்ஸ் குழு. நான் சொல்வது இதை. பத்துப் பேர் சேர்ந்து நின்றால் ஆளுக்கொரு கடன், சொத்து ஈடு வேண்டாம், ஒருத்திக்கு மற்றவர்கள் ஜாமீன். வசூல் அன்று காலையில் ஒரு வீட்டு வாசலில் பாய் விரிப்போம். பைக்கில் தம்பி ஒருத்தன் பையும் டேப்லெட்டும் கொண்டு வருவான். வரிசையாகக் காசு வைக்க வேண்டும், அட்டையில் எழுதி வாங்க வேண்டும். ஒருத்தி வரவில்லை என்றால் மற்றவர்கள் எழுந்து போக முடியாது. போன் அடித்தால் ஸ்விட்ச் ஆஃப். ஆள் அனுப்பினால் வீடு பூட்டு. அங்கேதான் கதை.

ஒருத்தி "அவ பிள்ளைக்குக் காய்ச்சல், பாவம்" என்பாள். இன்னொருத்தி "காய்ச்சலா? நேத்து சாயங்காலம் புதுச் சேலையோட மாசி வீதியில பார்த்தேனே" என்பாள். அரை மணி நேரம் அவளை வைவோம். அப்புறம் ஆளுக்கு நூறு, இருநூறு போட்டு அவள் தவணையைக் கட்டுவோம். கட்டிவிட்டு எழுந்ததும் ஒருத்தி அவள் வீட்டுக்குப் போய் உண்மையிலேயே காய்ச்சலா என்று பார்ப்பாள், கையில் ஒரு பாக்கெட் பிரெட்டும் இருக்கும். வசவும் பிரெட்டும் ஒரே ஆளிடமிருந்து வரும். எங்கள் ஆட்கள் அப்படித்தான். சீரியலில் வைகிறவள் வைதுகொண்டே இருக்கிறாள், பிரெட் வாங்கிப் போகிறவள் அழுதுகொண்டே இருக்கிறாள்.

வளசரவாக்கம் எடுபிடி:

மதினி, இதை எங்கள் கதை இலாகாவில் சொல்லட்டுமா? ஒரே வாசல், ஒரே பாய், பத்துப் பேர். இதை எடுக்க முடியும். பங்களா வேண்டாம், தெருவை மறிக்கவும் வேண்டாம். சில விவரம் மட்டும் சொல்லுங்கள். வசூலுக்கு வருகிறவன் எங்கே உட்காருவான்? வில்லன் அவன்தானே?

முனிச்சாலை மதினி:

தாராளமாகச் சொல்லுங்கள். அவனுக்கு நாற்காலி போடுவோம், பிளாஸ்டிக் நாற்காலி. நாங்கள் பாயில். அவனை வில்லனாக்காதீர்கள், அவனுக்கும் டார்கெட் உண்டு. காசு சேராமல் திரும்பிப் போனால் ஆபீசில் அவனை நிற்க வைத்துக் கேட்பார்கள் என்று அவனே சொல்லியிருக்கிறான். வெயிலில் வந்தால் மோர் கொடுப்போம். ஓடிப்போனவளையும் கெட்டவளாக்க வேண்டாம். அவள் ஒரு குழுக் கடனை அடைக்க இன்னொரு குழுவில் வாங்கியிருப்பாள், அதை அடைக்கத் தண்டல்காரனிடம் வாங்கியிருப்பாள். கணக்கைக் காட்டினாலே போதும்.

வளசரவாக்கம் எடுபிடி:

எழுதிக்கொண்டேன். சேனலில் முதல் கேள்வியே "மாமியார் எங்கே?" என்று வரும்.

முனிச்சாலை மதினி:

ஒரே வீட்டு ஆள் இரண்டு பேர் ஒரே குழுவில் சேரக் கூடாது தம்பி. மாமியார் வேறு குழு. அதில் அவர்கள்தான் தலைவி, வசூலும் அதே கிழமைதான்.